104 அடிப் படிக்கட்டு

போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கண்மாய்களுக்கு 18-ஆம் கால்வாயில் தண்ணீர் வரும்போது, அது திசை மாறி வந்த தண்ணீர் என்று பார்த்தால் தெரியாது. பெரியாற்றுத் தண்ணீர் அது. அரபிக்கடலுக்குப் போயிருக்க வேண்டியது.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை ஏலமலை கேரளப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. நமக்குக் காற்றும் சாரலும்தான். நடுவில் நிற்கும் முகடு நீர்பிரிமேடு: விழும் துளி எந்தக் கடலுக்கு என்பது அங்கே முடிவாகிறது. 1895-இல் திறந்த முல்லைப் பெரியாறு அணை அந்த முடிவையே மாற்றியது.

அணை என்றால் தேக்குவது என்று நினைப்போம். இதற்கு முதல் வேலை தூக்கிவிடுவது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் காலத்தில் முகட்டைக் குடைந்து போட்ட சுரங்கம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதன் வாய் அணையின் அளவில் 104 அடியில் இருக்கிறது. தொட்டியில் குழாயை உயரத்தில் வைத்தால் அதுவரை நிரம்பினால்தானே தண்ணீர் வரும்? அதே கதைதான். பத்து மாடி உயரத் தண்ணீர் வெறும் படிக்கட்டு. அதிலிருந்து ஒரு சொட்டும் கிழக்கே வராது. அனுமதித்த 142 அடியை எட்டினாலும் நம் பங்கு மேலே உள்ள 38 அடிதான்.

அந்தப் படிக்கட்டுக்காக ஒரு காட்டுப் பள்ளத்தாக்கே மூழ்கியது. குன்றுகள் தீவுகளாயின. தேக்கடியில் படகேறினால் கருத்த மரக்கட்டைகள் தண்ணீருக்கு மேல் தலைநீட்டும். அவற்றில் நீர்க்காகம் சிறகு உலர்த்தும். 130 ஆண்டாகியும் நீருக்குள் நிற்கும் பகுதி ஏன் மக்கவில்லை? மரத்தைத் தின்னும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். நீருக்கடியில் அதற்குப் பஞ்சம்.

சுரங்கம் தாண்டிய தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுக்கிறது. சில நேரம் இரைச்சல் பாலம் வழியாகவும் திறந்துவிடுவார்கள். பெயர் வைத்தவர் ரொம்ப யோசிக்கவில்லை. அங்கே நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அதற்குக் கீழே பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல். வயலைச் சுற்றி ஊர்கள் பெருத்தன. பாலார்பட்டியில் பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15-இல் இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். அவர் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டிய வீடுகளும் உண்டு.

ஜூன் மாதம் டீக்கடையில் பேப்பரை விரித்ததும் விரல் அணை நிலவரத்தைத் தேடும். பெரியாறு 120 அடி என்று போட்டிருந்தால், விவரம் தெரிந்தவர் மனதுக்குள் 104-ஐக் கழித்துவிட்டுச் சொல்வார்: “பதினாறு அடி கிடக்கு.”