பின்தங்கிய ஊர்களுக்குப் போகும் பணம்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகத் திருப்பூர்ப் பேருந்து நிலையங்களில் போய் நின்று, புறப்படும் வண்டிகளின் ஊர்ப்பெயர்களைப் படித்தால் போதும். தமிழ்நாட்டில் எந்தெந்த வட்டாரங்களில் வேலை போதவில்லை என்பது தெரிந்துவிடும். மதுரை, தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் என்று பலகைகள் நீளும். பனியன் கம்பெனிகளிலும் சாயப்பட்டறைகளிலும் ஆண்டு முழுக்க உழைத்தவர்கள் போனஸோடு ஊருக்குக் கிளம்பும் நேரம் அது. ரயில் நிலையத்திலோ, ஆலப்புழையிலிருந்து தன்பாத்துக்குப் போகும் விரைவு வண்டியில் கால் வைக்க இடமிருக்காது. அதில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் ஆட்கள்.

ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் திருப்பூர். இங்கே வேலைக்கு ஆள் போதவில்லை. இங்கே வந்து உழைப்பவர்கள் பிறந்த ஊர்களில் ஆளுக்கு வேலை போதவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க அரசு ஒதுக்கும் பணமே வட்டார வளர்ச்சி நிதி. வளர்ந்த இடங்களில் திரளும் வரியில் ஒரு பங்கைப் பின்தங்கிய இடங்களில் போடும் ஏற்பாடு. "எங்கள் உழைப்பில் வந்த பணம் ஏன் அங்கே போக வேண்டும்?" என்ற கேள்வி தொழில் நகரங்களில் அடிக்கடி எழுகிறது. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் திருப்பூருக்குப் பக்கத்திலேயே, சாமளாபுரத்தில் இருக்கிறது.

பல்லடம் வட்டத்தில் நொய்யல் ஆற்றை ஒட்டி இருக்கும் பேரூராட்சி சாமளாபுரம். சோமனூர், கருமத்தம்பட்டி, மங்கலம், பல்லடம் என விரியும் விசைத்தறி வட்டாரத்தில் அதுவும் ஓர் ஊர். பெரும்பாலும் கூலி நெசவு. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் அதைக் காடாத் துணியாக நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். இன்று பார்க்கிறவருக்கு இது தன் காலில் நின்று எழுந்த பூமியாகத் தெரியும். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை அல்ல.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் மேட்டாங்காடு இது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் ஆண்டெல்லாம் ஓடும் ஆறு அல்ல. வெள்ளம் வரும் சில வாரங்களில் அணைக்கட்டுகள் வழியே குளங்களை நிரப்பிக்கொண்டால்தான் உண்டு. மற்றபடி ஆழக் கிணறுகளில் மாடு கட்டிக் கவலை இறைத்துப் பண்ணையம் பார்த்த நாடு. 1932இல் சென்னை மாகாண அரசின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவை வட்டாரத்து மில்களுக்கும், பிறகு கிணறுகளுக்கும் மின்சாரம் வந்தது. 1950களில் கீழ்பவானித் திட்டம் 2.07 லட்சம் ஏக்கருக்கு நீர் தந்தது. 1960களில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் வந்தது. மேற்கே கேரளத்தை நோக்கி ஓடிய ஆறுகளின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, பல்லடம், உடுமலை, தாராபுரம், காங்கேயம் வறண்ட காடுகளுக்குக் கொண்டுவந்த திட்டம் அது. 3.77 லட்சம் ஏக்கர் பாசனப் பரப்பை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு காட்டுக்கு மறுபடி முறை வர இரண்டு ஆண்டுகூட ஆகும். அந்த முறைத் தண்ணீரே கிணறுகளின் ஊற்றையும் காப்பாற்றியது.

இவற்றில் எதையும் லாபம் பார்க்க வந்த முதலாளி கட்டவில்லை. அரசு கட்டியது. மாகாணத்தின், மாநிலத்தின், நாட்டின் மற்ற மூலைகளில் இருந்தவர்கள் கட்டிய வரியும் அதில் சேர்ந்திருந்தது. நீரும் மின்சாரமும் வந்த பிறகு மக்களின் உழைப்பு பன்மடங்கு பலன் கொடுத்தது. காட்டில் பாடுபட்டவர்கள் பட்டறைக்கு வேலைக்குப் போய், தொழில் கற்று, சொந்தக் கம்பெனி வைத்த கதையை ஆய்வாளர் ஷரத் சாரி திருப்பூர் பற்றிய தன் நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். உழைப்பின் பெருமையைக் குறைக்கவே முடியாது. ஆனால் அதே அளவு உழைக்கக் கூடியவர்கள் ராமநாதபுரத்து முதுகுளத்தூரிலும் இருந்தார்கள். அவர்களுக்குப் பைக்காரா இல்லை; பரம்பிக்குளமும் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 1950களில் மத்திய அரசு சரக்குக் கட்டணச் சமப்படுத்தல் என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. பீகார், ஒடிசா, வங்கம் ஆகிய மாநிலங்களின் சுரங்கப் பகுதியில் விளையும் இரும்பும் எஃகும் நாட்டின் எந்த மூலையில் வாங்கினாலும் ஏறத்தாழ ஒரே விலை. தூரத்துக்கான ரயில் கூலியை அரசு ஈடுகட்டியது. கோவையில் மோட்டாரும் பம்பும் வார்த்தவர்களுக்கு இரும்பு அந்த விலையில்தான் கிடைத்தது. கனிமத்துக்குப் பக்கத்தில் ஆலை வைத்தால் செலவு குறையும் என்ற ஒரே அனுகூலம் அந்தக் கிழக்கு மாநிலங்களுக்கு இருந்தது, அது பறிபோனது. 1990களின் தொடக்கத்தில் கொள்கை கைவிடப்பட்டபோது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் போயிருந்தன. இன்று தன்பாத் வண்டியில் வந்து இறங்கும் இளைஞர்களின் ஊர்கள் அந்த நிலப்பரப்பில்தான் இருக்கின்றன. பின்தங்கல் இயற்கையாக வந்தது என்று எண்ணுகிறவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும்.

சரி, பின்தங்கிய இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பட்டியல் போட்டுத்தான். 2007இல் மத்திய அரசு 250 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்துப் பின்தங்கிய பகுதிகள் மானிய நிதியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய ஆறு மாவட்டங்கள் அதில் இருந்தன. அந்த நிதியின் சிறப்பு, எதற்குச் செலவிடுவது என்பதை ஊராட்சிகளும் நகராட்சிகளும் திட்டமிட, மாவட்டத் திட்டக் குழு தொகுக்க வேண்டும் என்ற விதி. டெல்லியிலிருந்து வரும் பணத்தை எங்கே போடுவது என்று உள்ளூர் முடிவு செய்யும் அரிய வாய்ப்பு. 2015இல் மத்திய அரசு அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. 2018இல் வந்த முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் சேர்க்கப்பட்டன. அதில் தனியாகப் பெரிய நிதி கிடையாது. இருக்கும் திட்டங்களை ஒருங்கிணைத்து, உடல்நலம், கல்வி, வேளாண்மை முதலியவற்றில் மாவட்டம் எவ்வளவு முன்னேறியது என்று அளந்து வரிசைப்படுத்துவார்கள்.

தமிழ்நாடு அரசு 2012இல் மாநிலச் சமச்சீர் வளர்ச்சி நிதியை உருவாக்கியது. மாவட்டத்தை விட்டு ஒன்றிய அளவுக்கு இறங்கி, வறுமை, வேலையின்மை, கல்வி, உடல்நலம் ஆகியவற்றைப் பார்த்து நூற்றுக்கு மேற்பட்ட ஒன்றியங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இது சரியான அணுகுமுறை. திருப்பூர் மாவட்டமே இதற்குச் சாட்சி. மாவட்டச் சராசரியைப் பார்த்தால் பணக்கார மாவட்டம். ஆனால் அதன் பதின்மூன்று ஒன்றியங்களில் அவிநாசியும் பல்லடமும் ஒரு ரகம். தெற்கே மூலனூரும் குண்டடமும் வேறு ரகம். மாவட்ட எல்லையோடு கணக்கை நிறுத்தினால் மூலனூர் மக்களின் வறுமை திருப்பூர் ஏற்றுமதிக்குள் மறைந்துபோகும்.

அணுகுமுறை சரி; தொகைதான் போதாது. அந்த நிதிக்கு அறிவித்த தொகை ஆண்டுக்கு 100 கோடி ரூபாய். நூற்றுக்கு மேற்பட்ட ஒன்றியங்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஒரு கோடிகூட வராது. அந்தப் பணத்தில் சில அங்கன்வாடிக் கட்டடங்களும் சாலைகளும் போடலாம். அவை தேவைதான். ஆனால் ஒரு வட்டாரத்தின் பிழைப்பு மாறாது.

ஓசூரைப் பாருங்கள். அது அப்போது இருந்த தர்மபுரி மாவட்டம் பின்தங்கிய மாவட்டமாக அறியப்பட்ட காலத்தில், 1970களில், அரசு நிறுவனமான சிப்காட் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. நிலம், சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் ஓரிடத்தில் கிடைத்தன. பின்தங்கிய பகுதியில் தொழில் தொடங்கினால் முதலீட்டு மானியமும் உண்டு. அசோக் லேலண்ட் வந்தது, டிவிஎஸ் வந்தது, மாநில அரசின் டிட்கோவோடு டாடா குழுமம் கூட்டுச் சேர்ந்த டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. எல்லையோரச் சிற்றூர் இன்று மாநகராட்சி. வட்டார வளர்ச்சிக்குப் போட்ட பணம் பலித்ததற்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல சான்று இல்லை.

ஆனால் ஓசூருக்குப் பெங்களூரு பக்கம். அதே மானியம் அறிவிக்கப்பட்டிருந்தும் மாவட்டத்தின் உள்ளே இருந்த பென்னாகரத்துக்கும் அரூருக்கும் ஆலைகள் அந்த அளவில் போகவில்லை. மானியம் கொடுத்தால் முதலாளி பின்தங்கிய மாவட்டத்துக்கு வருவார், ஆனால் அந்த மாவட்டத்திலேயே நகரத்துக்கு மிக அருகிலிருக்கும் மூலையில்தான் இறங்குவார். உள்ளே இருக்கும் ஊர்களுக்கு வேறு வகைப் பணம் வேண்டும். 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்த வகை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பழுதான தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு, ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் காவிரி நீரைக் கொண்டுபோன திட்டம். அதில் உடனே ஆலை வராது. ஆனால் எலும்பு வளைந்த குழந்தை வளர்ந்து எந்த ஆலைக்கு வேலைக்குப் போகும்?

இந்தப் பாடத்தை ஐரோப்பா பெரும் செலவில் கற்றது. 1950இல் இத்தாலி தன் வறண்ட தெற்குப் பகுதிக்கென்று ஒரு தனி நிதி நிறுவனத்தையே தொடங்கி, 1984 வரை நடத்தியது. சாலை, குடிநீர், நில மேம்பாடு என்று தொடங்கிய ஆரம்ப ஆண்டுகளில் நல்ல பலன் கிடைத்தது. பிறகு எஃகு ஆலை, பெட்ரோ ரசாயன ஆலை என்று பெரிய ஆலைகளுக்குப் பணம் திரும்பியது. சுற்றுவட்டாரச் சிறுதொழிலோடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அரசியல் செல்வாக்கும் புகுந்தது. இன்றும் இத்தாலியின் தெற்கு வடக்கை எட்டவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பு 1975இல் தொடங்கிய வட்டார வளர்ச்சி நிதி வேறு வழியில் போனது. தனிநபர் வருமானம் ஒன்றியச் சராசரியில் முக்கால் பங்குக்குக் கீழே இருக்கும் பகுதிகளுக்கு முன்னுரிமை, ஏழாண்டுத் திட்டம், உள்ளூர் அரசும் ஒரு பங்கு போட வேண்டும். 2004இல் சேர்ந்தபோது சராசரியில் பாதி அளவே இருந்த போலந்து, இன்று முக்கால் பங்கைத் தாண்டிவிட்டது. ஐரோப்பியச் சந்தை திறந்ததும் அதற்குக் காரணம்; நிதி மட்டும் சாதித்ததல்ல.

நம் ஊரில் நீண்ட காலத் திட்டத்தின் பயனைப் பார்க்க, சாமளாபுரத்துக்கு வடக்கே அவிநாசிப் பக்கம் போக வேண்டும். அத்திக்கடவு அவிநாசித் திட்டம் மூன்று தலைமுறைக் கோரிக்கை. தேர்தல்தோறும் வாக்குறுதி, ஊர்வலம், உண்ணாவிரதம் என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பிறகு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரி நீரில் ஒன்றரை டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்கள் மேடேற்றுகின்றன. ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் நீர் போகிறது. செலவு 1,916 கோடி ரூபாய். அடிக்கல் நாட்டியது ஒரு கட்சியின் ஆட்சி, திறந்தது வேறு கட்சியின் ஆட்சி. ஆட்சி மாறியும் பணம் நிற்காமல் வந்ததால்தான் வேலை முடிந்தது. இப்படித்தான் எல்லா வட்டார நிதியும் நடக்க வேண்டும்.

வளர்ந்த பகுதி பின்தங்கிய பகுதிக்குப் பட்டிருக்கும் கடனையும் இங்கே சொல்லியாக வேண்டும். நொய்யலின் கீழ்ப்பகுதி விவசாயிகளுக்காகச் சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். 1992இல் திறந்த அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. தண்ணீர் வேண்டும் என்று கேட்ட விவசாயிகளே, அணையிலிருந்து திறக்காதீர்கள் என்று நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைக்க மாநில அரசு வட்டியில்லாமல் 200 கோடி ரூபாய் கடன் கொடுத்தது. அதாவது பணக்கார ஊருக்கும் ஆபத்து வந்தபோது பொதுப்பணம்தான் கைகொடுத்தது. கெட்டுப்போன மண்ணை வைத்துக்கொண்டு கீழ்நொய்யலில் நிற்கும் குடும்பங்களுக்கும் அதே அக்கறை கிடைத்திருக்க வேண்டும்.

சாமளாபுரத்துத் தறிக்காரர்களுக்கும் எல்லாம் நிறைந்துவிடவில்லை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் 2023 முதல் கிடைக்கிறது; ஆனாலும் கூலி உயர்வுக்காக 2022இலும் 2025இலும் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்த வேண்டியிருந்தது. பல்லடத்தில் உயர் தொழில்நுட்ப நெசவுப் பூங்கா மத்திய அரசின் ஜவுளிப் பூங்கா மானியத்தோடு எழுந்தது. எட்டோ பத்தோ பழைய தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவரால் அங்கே போக முடிவதில்லை. வளர்ந்த வட்டாரத்துக்கு உள்ளேயும் பின்தங்கியவர்கள் இருக்கிறார்கள்.

மத்திய வரிப் பகிர்வில் தமிழ்நாட்டுக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்ற வாதம் இங்கே உரக்கக் கேட்கிறது. 15ஆவது நிதிக்குழு பகிர்வில் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு, உத்தரப் பிரதேசத்துக்கு ஏறத்தாழ 18, பீகாருக்கு 10. வருமான இடைவெளிக்கு மட்டும் 45 விழுக்காடு எடை தரப்பட்டது. அந்த எடையின் அளவைப் பற்றி வாதாடத் தமிழ்நாட்டுக்கு முழு உரிமை உண்டு. போகும் பணம் அங்கே பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் மாறுகிறதா என்று கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் ஏழைப் பகுதிக்குக் கூடுதல் பங்கு என்ற கொள்கையையே மறுத்தால், அதே வாயால் ராமநாதபுரத்துக்கும் அரியலூருக்கும் நிதி கேட்க முடியாது.

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு 2023இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பரப்பு 1,052 ஏக்கர். தெற்குச் சீமையின் இளைஞர்களுக்கு வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஜவுளி வேலை கிடைக்க வேண்டுமானால், பூங்காவோடு பேருந்து வசதியும் தொழிற்பயிற்சியும் பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடமும் சேர்ந்தே வர வேண்டும். திருப்பூர் முதலாளிகள் இதைப் போட்டியாகப் பார்க்கத் தேவையில்லை. ஆள் பற்றாக்குறையால் தவிக்கும் தொழில், ஆள் இருக்கும் இடத்தில் ஒரு கிளை வைப்பதில் லாபமே உண்டு.

மாநில அரசு செய்ய வேண்டியவை இரண்டு. எந்த ஒன்றியத்துக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று ஆண்டுதோறும் கிராமசபையில் வைக்க வேண்டும். சமச்சீர் வளர்ச்சி நிதியைப் பத்தாண்டுத் திட்டமாக்கித் தொகையைப் பலமடங்கு உயர்த்த வேண்டும். ஆண்டுக்கு 100 கோடி என்ற கணக்கில் போனால், அத்திக்கடவு போன்ற ஒரே ஒரு திட்டத்துக்கு ஆன செலவைச் சேர்க்கவே அந்த நிதிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகும்.