'மிஸ்ஸியம்மா'வை இப்போ ரீமேக் பண்ணினா..?

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து 'மிஸ்ஸியம்மா' பார்த்தோம். எல்.வி.பிரசாத் இயக்கி 1955-ல் வந்த படம். 'கணவன் மனைவியாக இரண்டு ஆசிரியர்கள் தேவை' என்ற ஜமீன்தாரின் விளம்பரத்தைப் பார்த்து, வேலையில்லாப் பட்டதாரிகளான ஜெமினியும் சாவித்திரியும் தம்பதியாக நடித்து வேலையில் சேருவார்கள். ஜெமினி இந்து, சாவித்திரி கிறிஸ்தவர். இதையே இன்றைக்கு எடுத்தால்?

இன்டர்வியூ

ஜமீன்தார் ரங்காராவ் இப்போது இன்டர்நேஷனல் ஸ்கூல் கரஸ்பாண்டென்ட். விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும்.

சாவித்திரி: "திருமணச் சான்றிதழை அப்லோட் பண்ணச் சொல்றாங்களே?"

ஜெமினி: "பயப்படாதீங்க, சர்வர் டவுன்!"

கடன்காரர்

படத்தில் சாவித்திரிக்குக் கடன் கொடுத்துவிட்டு, 'கல்யாணம் பண்ணிக்கோ' என்று நெருக்குவார் நம்பியார். ரீமேக்கில் நம்பியாருக்கு வேலையே இல்லை. சாவித்திரி கடன் ஆப்பில் பணம் வாங்கியிருப்பார். ஒரு நாள் தவணை தவறினாலும் போனில் இருக்கும் அத்தனை நம்பருக்கும் மெசேஜ் பறக்கும். 'நம்பியாரே தேவலாம்' என்று சாவித்திரி அழும் இடத்தில் தியேட்டரே உருகும்.

நிலாப் பாட்டு

அன்றைக்கு இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் வெண்ணிலாவிடம் புகார் சொன்னார்கள். இப்போது நிலாவுக்கு லீவு. மாறி மாறி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பார்கள். 'சிலருக்கு நன்றி என்றால் என்னவென்றே தெரியாது' என்று இவர் வைக்க, பதிலுக்கு அவர் ஒரு தத்துவம் வைப்பார்.

துப்பறியும் தங்கவேலு

ஜமீன்தாரின் காணாமல்போன மகளைத் தேடும் தங்கவேலு, பூதக்கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு யூடியூப் சேனல் தொடங்கிவிடுவார். 'ஜமீன் மகள் எங்கே? அதிர்ச்சித் தகவல்! பாகம் 37'. தேடப்படும் மகள் தான்தான் என்று தெரியாமல் அதே வீட்டிலிருந்து சாவித்திரி அதற்கு லைக் போட்டிருப்பார்.

க்ளைமாக்ஸ்

காலில் இருக்கும் மச்சத்தை வைத்து, சாவித்திரிதான் அந்த மகள் என்று அன்றைக்குக் கண்டுபிடித்தார்கள். பிறப்பால் அவரும் இந்துதான் என்று தெரிந்ததும் கல்யாணத்துக்குத் தடை நீங்கியது. இன்றைக்கு டிரெய்லர் வந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு தரப்பும் ஹேஷ்டேக் போட்டுச் சண்டையைத் தொடங்கியிருக்கும். எனக்கு ஒரு சின்ன ஆசை. ரீமேக்கில் அந்த மச்சம் வேண்டாம். மேரி கடைசிவரை மேரியாகவே இருக்கட்டும். ஜெமினி அவரை அப்படியே கட்டிக்கொள்ளட்டும்.

இப்படி ஆளாளுக்கு ஒரு சீனை மாற்றிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மகள் மட்டும் சிரிக்கவில்லை. பி.எட். முடித்து, டெட் தேர்விலும் பாஸ் செய்துவிட்டு, வேலைக்காகக் காத்திருப்பவள் அவள்.

"முதல் சீனை மட்டும் மாத்திடாதீங்க சித்தப்பா. கையில டிகிரியை வெச்சுக்கிட்டு வேலை தேடி அலையறாங்களே, அது இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு" என்றாள்.

எல்லோரும் அமைதியாகிவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து அவளே சிரித்துக்கொண்டு கேட்டாள்: "அது இருக்கட்டும்... அந்த ஜமீன்தார் ஸ்கூல்ல இன்னும் வேகன்சி இருக்கா?"