உப்புக்காத்தும் கேஸ் கீசரும்

ஆரணிக்கும் கடலுக்கும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அப்புறம் எதுக்குடா இந்தக் கட்டுரைனு கேக்கலாம். காரணம் சிம்பிள். ஃபைனல் இயர் முடிச்சதும் நம்மள்ல பாதிப் பேர் சென்னைக்குத்தான் போகப்போறோம். திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரைனு ஃபிளாட் எடுத்துத் தங்குறப்போ, பால்கனியில ஒரு கேஸ் கீசர் தொங்கிட்டு இருக்கும். அது ஏன் அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்குது, அதுக்கு என்ன செய்யலாம், முக்கியமா என்ன செய்யவே கூடாதுனு பார்ப்போம்.

கொட்டிவாக்கத்துல எங்க பெரியம்மா வீடு. மொட்டை மாடியில நின்னா கடல் தெரியும். அங்க இருக்கிற கீசரும் ஆரணியில எங்க வீட்டுல இருக்கிற கீசரும் ஒரே மாடல். பெரியம்மா வீட்டுல ரெண்டே வருஷத்துல கீழ்த்தகடு ஓட்டை. எங்க வீட்டுல நாலு வருஷம் ஆச்சு, ஒரு துருப்புள்ளி கூட இல்லை. ஆனா தண்ணிதான் நூல் மாதிரி வருது. ஒரே மெஷின், ரெண்டு ஊர், ரெண்டு வியாதி.

முதல்ல கடல் வியாதி. அலை உடையும்போது தெறிக்கிற நுண்ணிய துளிகள் காத்துல கலந்து உள்ளே வருது. அதுல பெரும்பகுதி கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே படிஞ்சிடும். சோடியம் குளோரைடு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக் கரையணும்னா ஈரப்பதம் 75 சதவீதம் வேணும். ஆனா கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் இருக்கு. அதுக்கு 33 சதவீதமே போதும். சமையலறை ஜாடியில கல் உப்பு மழையில்லாத நாள்லயும் கசகசனு இருக்கே, அதே கதைதான். ஆக, தகடு பார்க்கக் காய்ஞ்ச மாதிரி இருந்தாலும் மேல ஒரு மெல்லிய உப்புத்தண்ணிப் படலம் இருந்துக்கிட்டே இருக்கு. எலக்ட்ரோகெமிஸ்ட்ரி யூனிட்ல படிச்ச எலக்ட்ரோலைட் இதுதான். கீசர் உள்ளே செம்பு ஹீட் எக்ஸ்சேஞ்சர், பித்தளை கனெக்டர், வெளியே பெயின்ட் அடிச்ச இரும்புத் தகடு. செம்பும் இரும்பும் ஒரே எலக்ட்ரோலைட்ல தொட்டுக்கிட்டா இரும்புதான் ஆனோட், அதுதான் கரையும். அதனாலதான் துரு எப்பவும் ஸ்குரூ ஓட்டையிலயும் பைப் நுழையற இடத்துலயும் ஆரம்பிக்குது.

இதுல நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம் இருக்கு. சன்ஷேடுக்கு அடியில, மழை படாம மாட்டினா பாதுகாப்புனு நினைப்போம். உப்பைப் பொறுத்தவரை அது தலைகீழ். மழை பட்ட இடத்துல உப்பு கழுவிப் போயிடும். மழை படாத இடத்துல சேர்ந்துக்கிட்டே இருக்கும். அதுக்காக கீசரை மழையில நனைய விட முடியாது, பர்னரும் இக்னைட்டரும் போயிடும். மழை செய்யாத வேலையை நாமதான் செய்யணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணியில நனைச்ச துணியால வெளிப்பக்கம் முழுக்க, முக்கியமா அடிப்பக்கம், துடைச்சிட்டுக் காய்ஞ்ச துணியால ஒத்தி எடுக்கணும். ஹோஸ் வெச்சு அடிக்காதீங்க.

உப்புக்காத்தைச் சாதாரணமா நினைச்சா பாம்பனை நினைச்சுக்கோங்க. 1914-ல திறந்த பழைய ரயில் பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னுபோச்சு. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்சேன் பெயின்ட்டும் போட்டிருக்காங்க. காரைக்குடி சிக்ரி விஞ்ஞானிகள் பக்கத்துல இருக்கிற மண்டபத்துல உலோகத் துண்டுகளைக் கடல்காத்துல வெச்சு அரிப்பை அளக்குறாங்க. நம்ம ஆளுங்களுக்குப் பழகின எதிரிதான்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்? கடைக்காரர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாடினு சொன்னா எந்த கிரேடுனு கேளுங்க. 304 கடலோரத்துல டீக்கறை மாதிரி பழுப்பாகும். 316-ல ரெண்டு முதல் மூணு சதவீதம் மாலிப்டினம் இருக்கு, குளோரைடை நல்லா தாங்கும். ஆனா வீட்டு கீசர்ல 316 கிடைக்கிறது அபூர்வம். அதனால பவுடர் கோட்டிங் விளிம்பு வரைக்கும் இருக்கானு பாருங்க. மாட்டுற ஸ்குரூவை மட்டுமாவது 316-ல வாங்கிக்கோங்க. கேஸ் கீசருக்கான இந்திய தரநிலை ஐ.எஸ். 15558, அந்த எண்ணோட ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் பார்க்கணும். வெளியில மாட்டலாம்னு மேனுவல்ல எழுதியிருக்கானும் பாருங்க. ஐ.பி.எக்ஸ்.4-னா எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கிற தண்ணியைத் தாங்கும்னு அர்த்தம். உப்பைத் தாங்கும்னு அர்த்தம் இல்லை.

சைஸ் பத்தி ஒரு சின்ன கணக்கு. 18 லிட்டர் பக்கெட் தண்ணியை 15 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1130 கிலோஜூல் வேணும். 3 கிலோவாட் எலக்ட்ரிக் இன்ஸ்டன்ட் கீசர்னா ஆறு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, மூணுல ஒரு பங்கு யூனிட். கேஸ்ல எஃபிஷியன்சி 80 சதவீதம்னு வெச்சா சுமார் 31 கிராம், 14.2 கிலோ சிலிண்டர்ல 450 பக்கெட்டுக்கு மேல வரும். ரொம்பப் பெரிய மாடல் எதுவும் சென்னைக்குத் தேவையே இல்லை.

இப்போ கட்டுரையோட முக்கியமான இடம். பெரியம்மா வீட்டு கீசர் ஓட்டையானதும், பார்க்க வந்த மெக்கானிக் அண்ணா ஒரு யோசனை சொன்னார்: "பாத்ரூம் உள்ளே மாட்டிடலாம்மா, காத்தே படாது." கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா உப்புக்காத்து தகட்டைத்தான் தின்னும். மூடின பாத்ரூம்ல எரியற கேஸ் ஆளையே கொல்லும். உள்ளே ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் முழுமையாகாம கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ஹீமோகுளோபினோட ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். தலை சுத்துதேனு தோணும்போது கதவைத் திறக்கக் கையில பலம் இருக்காது. அந்த வீட்டுல கதவைத் தாழ் போட்டு நிதானமா அரைமணி நேரம் குளிக்கிறது எங்க பாட்டி. நான் ஃபோன்லயே வேண்டாம்னு சொல்லிட்டேன். பாத்ரூமுக்கு எர்த்திங்கும் 16 ஆம்பியர் பாயின்ட்டும் சரிபார்த்து 3 கிலோவாட் எலக்ட்ரிக் போட்டாச்சு. புது கேஸ் கீசர் சர்வீஸ் பால்கனியிலதான், துணிமணி இல்லாத திறந்த பக்கத்துல.

ஃபிளேம் நீலமா இருக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க. கடலோரத்துல அப்பப்போ ஆரஞ்சு பொறி தெரியும். சாதம் பொங்கி வழிஞ்சா அடுப்புல தெரியற அதே சோடியம் நிறம். ஆனா நுனி விடாம மஞ்சளா எரிஞ்சாலோ, கரி படிஞ்சாலோ அது உப்பு இல்லை, காத்து போதாம எரியுது. உடனே நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. ஆரஞ்சு நிற சுரக்ஷா ஹோஸுக்குள்ள இரும்புக் கம்பி இருக்கு. விரிசல் விட்டா உப்பு அதையும் விடாது. அஞ்சு வருஷம் கெடு, கடலோரத்துல அதுக்கு முன்னாடியே மாத்துங்க. சோப்பு நுரை தடவி லீக் பார்க்க ஒரு நிமிஷம்தான் ஆகும். பேட்டரி கான்டாக்ட்ல பச்சை படிஞ்சிருந்தா சுரண்டிடுங்க. பாதி "கீசர் ரிப்பேர்" அதோட முடிஞ்சிடும்.

ஆரணி வியாதிக்கு வருவோம். சாயப் பட்டறை வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பட்டு நூல் எடையில கால்பங்கு வரைக்கும் செரிசின்ங்கிற பசை. அதை சோப்புத் தண்ணியில கொதிக்க வெச்சுத்தான் எடுப்பாங்க. உப்புத்தண்ணினு நாம சொல்ற கடினநீர்ல சோப்பு நுரைக்காது, திரிஞ்சு நூல்ல ஒட்டும், அப்புறம் சாயம் திட்டுத்திட்டா பிடிக்கும். அதே கால்சியம்தான் கீசர்லயும். சூடானதும் பைகார்பனேட் உடைஞ்சு கால்சியம் கார்பனேட்டா செம்புக் குழாய் உள்ளே படியுது. அது செம்பை விட நூறு மடங்குக்கும் மேல மோசமா வெப்பத்தைக் கடத்தும். கேஸ் வீணாகும், குழாய் அடைக்கும், செம்பு அதிகமா சூடாகி ஓட்டையாகும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, கேஸை மூடி, தண்ணி லைனைக் கழட்டி, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணியைச் சின்ன பம்ப் வெச்சு முக்கால் மணி நேரம் சுத்த விட்டு நல்லா அலசினா போதும். நுரை வரும், அது கரியமில வாயு, பயப்பட வேண்டாம். பாத்ரூம் கழுவுற ஆசிட்டை மட்டும் ஊத்திடாதீங்க, பித்தளையையும் சேர்த்துத் தின்னுடும். சென்னையில போர் தண்ணி வர்ற ஃபிளாட்னா உள்ளே இதுவும் வெளியே அதுவும் ரெண்டுமே இருக்கும். அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி பால்கனி கீசரோட அடித்தகட்டை மட்டும் ஒரு தடவை குனிஞ்சு பார்த்துடுங்க.