முதல் வண்டி எங்கே நிற்கணும்?

போன வருஷம் நெல்லை டவுன்ல, எங்க தெருவில் ஒரு வீட்டு மாடியில் தீப்பிடிச்சது. தீயணைப்பு வண்டி தெரு முக்கு வரைக்கும் வந்து நின்னுடுச்சு. உள்ளே வர முடியலை, குறுக்கே ஒரு கார். வீரர்கள் ஹோஸைத் தோளில் போட்டுக்கிட்டு ஓடிவந்தாங்க. யாருக்கும் காயமில்லை. ஆனா மாடி முழுக்கப் போச்சு. அந்தக் கார் என்னோடது. அதனாலதான் இந்த எபிசோடு.

ஒரு சின்னக் கணக்கு. வழக்கமான தீயணைப்பு வண்டியில சுமார் 4,500 லிட்டர் தண்ணி இருக்கும். பம்ப் நிமிஷத்துக்கு 1,800 லிட்டர் இறைச்சா, ரெண்டரை நிமிஷத்தில் காலி. அப்புறம் அடுத்த வண்டி வரணும், காலியான வண்டி நிரப்பப் போகணும். தாமிரபரணி பக்கத்துலதானே ஓடுதுன்னு நமக்குத் தோணும். ஆனா பம்ப் வச்சுக் கீழேயிருந்து தண்ணியை உறிஞ்ச, நடைமுறையில் ஏழு மீட்டர் போல உயரம்தான் எல்லை. வண்டி தண்ணிகிட்ட போய்த்தான் ஆகணும். அதனால தெருவில் உள்ளே வர வழி மட்டும் போதாது, வெளியே போகவும் வழி வேணும்.

இங்கேதான் முதல் வண்டியின் ஓட்டுநர் முக்கியமாகிறார். எரியிற வீட்டு வாசல்லயே நிறுத்தத்தான் கை போகும். பொதுவா கொஞ்சம் தாண்டி நிறுத்துறதுதான் நல்லது. ஒண்ணு, கட்டடத்தின் மூணு பக்கத்தைப் பார்த்துடலாம். ரெண்டு, வாசல் ஏணி வண்டிக்குக் கிடைக்கும். இன்னொரு ஹோஸைச் சேர்த்து நீட்டிக்கலாம், ஏணியை அப்படி நீட்ட முடியாது.

சுவர் விழுற தூரத்தையும் விட்டு நிற்கணும். கட்டடத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்பது பல நாடுகளில் சொல்ற பொது விதி. 2017 மே 31 அன்று சென்னை தி.நகர் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீப்பிடிச்சது நினைவிருக்கும். மறுநாள் அதிகாலையில் அதன் ஒரு பகுதி அப்படியே சரிஞ்சுது. குறுகலான தெருவில் அந்த ஒன்றரை மடங்குக்கு எங்கே போறது?

அடுத்தது பேச்சு. முதலில் வந்தவர் ஒயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டியது நாலு விஷயம்: என்ன எரியுது, உள்ளே ஆள் இருக்காங்களா, நான் எங்கே நிற்கிறேன், அடுத்த வண்டி எந்தப் பக்கமா வரணும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லணும். சும்மா "ஓகே" போதாது.

1970இல் கலிஃபோர்னியாவில் 13 நாள் காட்டுத்தீ, 16 பேர் இறந்தாங்க. பல துறைகள் வந்தும், ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் புரியலை, யாருக்கு யார் தலைமைன்னும் தெளிவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 'இன்சிடென்ட் கமாண்ட்' முறை. சர்வர் விழுந்தா எங்க ஆபீஸ்ல ஒருத்தரை 'இன்சிடென்ட் கமாண்டர்' ஆக்குவோம்ல, அந்த வழக்கம் தீயணைப்புக்காரங்ககிட்ட இருந்து நாங்க வாங்கினது. எங்களுக்கு சர்வர் விழுந்தா ரீஸ்டார்ட் இருக்கு, அவங்களுக்கு இல்லை.

நம்ம பங்கு ரொம்பச் சின்னது. 101க்கோ 112க்கோ கூப்பிடும்போது தெருப் பெயரோட, எந்த முனையிலிருந்து பெரிய வண்டி நுழையும்னும் சொல்லுங்க. ஒருத்தர் முக்குல போய் நின்னு வழி காட்டுங்க. ராத்திரி வண்டி நிறுத்துறப்போ, ஒரு லாரி இதைத் தாண்டிப் போகுமான்னு ஒரு தடவை பாருங்க.

நான் இப்போ காரை ரத வீதி பக்கம் விட்டுட்டு நடந்து வர்றேன். நாலு நிமிஷ நடைதான்.