வானத்துத் தூரமும் வாசல் தூரமும்

ஊரிலிருந்து துயரச் செய்தியொன்று நள்ளிரவில் வந்துவிட்டால், பள்ளுருத்தியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "விமானத்தில் சென்றால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்?" என்பதே. சென்னைக்குச் சுமார் 1 மணி 15 நிமிடம் என்று யாரேனும் சொல்வார்கள். அதை நம்பி, "நான் வரும்வரை எடுக்க வேண்டாம்" என்று ஊருக்குத் தெரிவித்துவிடுகிறோம். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமாயின், கணக்கை வீட்டு வாசலிலிருந்தே தொடங்க வேண்டும்.

நெடும்பாசேரிக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 520 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவல்ல ஜெட் விமானத்துக்கு 40 நிமிடமே போதுமென்று தோன்றும். ஆனால் கால அட்டவணை காட்டுவது, விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல், சேருமிடத்தில் மறுபடி நிற்பது வரையுள்ள நேரமாகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலே ஏறுவதும், இறங்குவதற்கு முறை காத்திருப்பதும் அதில் அடங்கும். முழு வேகம் நடுவழியில் சிறிது நேரமே.

முன்னாளில் வில்லிங்டன் தீவிலுள்ள கடற்படை விமானத்தளத்திலிருந்தே பயணிகள் விமானங்கள் புறப்பட்டன. தோப்பும்படிப் பாலத்தைக் கடந்தால் தீவு வந்துவிடும். பெரிய விமானங்களுக்கு அவ்விடம் போதாமையால், 1999-இல் நெடும்பாசேரியில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. அதன் ஓடுபாதை 3,400 மீட்டர் நீளமுள்ளது. வளைகுடா நாடுகளுக்குச் செல்வோருக்கு அதனால் பெருநன்மை விளைந்தது. நமக்கோ, வாசலுக்கும் விமானத்துக்கும் இடையிலுள்ள தூரம் சுமார் 40 கிலோமீட்டராக நீண்டது.

இனிக் கூட்டிப் பார்ப்போம். எறணாகுளத்து நெரிசலைக் கடந்து நெடும்பாசேரி சேர ஒன்றரை மணி முதல் 2 மணி வரை. பயணச் சீட்டைப் பதிவு செய்யுமிடம் பெரும்பாலும் 1 மணிக்கு முன்பே மூடப்படுவதால், 2 மணி முன்னதாகவே அங்கிருத்தல் நலம். பிறகு விமானம் 1 மணி 15 நிமிடம். பெட்டியைப் பெற்றுச் சென்னையில் வீடு சேர மேலும் 1 மணி. ஆக 6 மணி நேரம்! எறணாகுளத்திலிருந்து இரவு ரெயிலில் சென்னைக்குச் சுமார் 12 மணி நேரம். விமானம் அதில் பாதியை மிச்சப்படுத்துகிறது; அதற்கு மேல் எதிர்பார்த்தல் தகாது.

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்களுக்கு இக்கணக்கே வேறு. சென்னையில் இறங்கினால், அங்கிருந்து தெற்கே 600 கிலோமீட்டருக்கு மேல் மீண்டும் பிரயாணம் செய்தாக வேண்டும். புனலூர்–செங்கோட்டை மலைப்பகுதி 2018-இல் அகல ரெயில் பாதையானபின், எறணாகுளம் வழியே செல்லும் பாலருவி எக்ஸ்பிரஸ் அவர்களை நேரே திருநெல்வேலியில் கொண்டு சேர்க்கிறது.

ஆகையால், அன்பர்களே, துயரத்தின் பதற்றத்தில் நேரம் குறித்து வாக்களிக்குமுன், ஒரு தாளை எடுத்து வாசலிலிருந்து வாசல்வரை கூட்டிப் பாருங்கள். நமக்காகக் காத்திருப்போர் கணக்கிடுவது, நாம் வானில் இருக்கும் நேரத்தையன்று. வாசலில் வந்து நிற்கும் நேரத்தையே.