பழைய வேட்டியும் பச்சிளங் குழந்தையும்

பேறுகாலத்திற்காக என் மகள் தாய்வீடு வந்திருந்தாள். ஒருநாள் பிற்பகல், என் தாயார் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார்கள். மறைந்த என் தந்தையாரின் நாலு முழ வேட்டிகள் ஐந்தாறு அதில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றை விரித்துத் தடவிப் பார்த்தவாறே, "பிள்ளையைத் துடைக்க இதைவிட மெல்லிய துணி எந்தக் கடையில் கிடைக்கும்?" என்றார்கள்.

மகள் சிரித்தாள். "இப்போதெல்லாம் கட்டுக் கட்டாக வைப்ஸ் விற்கிறார்கள், பாட்டி. துடைத்தோம், எறிந்தோம் என்று வேலை முடிந்துவிடும். இதைக் கிழித்து, தைத்து, துவைத்து, உலர்த்தி... யாரால் ஆகும்?" என்றாள்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நடுவில் நின்ற எனக்குத்தான் விடை தெரியவில்லை. மறுநாள் எங்கள் இல்லத்திற்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியரிடம் வழக்கைச் சொன்னேன். அவர் பெட்டியருகே சென்று முகர்ந்து பார்த்தார். "துணி நல்லதுதான், அம்மா. ஆனால் இந்தத் துணி வேண்டாம்" என்றார். அவர் அவ்வாறு சொன்னதன் காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன். துணியா, கடைத் தாளா என்ற கேள்வியை முதலில் பார்ப்போம்.

நனைத்து வைப்பதில் உள்ள சிக்கல்

கடையில் விற்கும் ஈரத் துடைப்புத் தாள்கள் நஞ்சு என்று யாரையும் அச்சுறுத்த வேண்டியதில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 280 பச்சிளங் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2012-ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஆய்வில் பயன்படுத்திய வைப்ஸும், பஞ்சும் வெறும் நீரும், குழந்தையின் தோலின் ஈரத்தைக் காப்பதில் ஒன்றுக்கொன்று சமமே என்று அது கண்டது. ஆகவே, பயணத்தின்போது ஒரு தாய் தாளைப் பயன்படுத்துவதனால் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை.

எனினும் ஒரு செய்தியைச் சிந்திக்க வேண்டும். ஈரமான எப்பொருளும் சில நாள்களில் பூஞ்சணம் பிடிக்கும், கிருமி பெருகும். மாதக்கணக்கில் ஈரமாகவே கட்டுக்குள் கிடக்கும் தாள் கெடாதிருக்க வேண்டுமானால், அந்நீரில் ஏதேனும் ஒரு காப்புப்பொருளைக் கலந்தே ஆகவேண்டும். அவ்வாறு கலக்கப்பட்டவற்றுள் மெத்தில் ஐசோதயசோலினோன் என்பது ஒன்று. அதனால் பலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டானது கண்டு, அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று 2013-ஆம் ஆண்டின் முதன்மை ஒவ்வாமைப் பொருளாக அதனை அறிவித்தது. அடுத்த ஆண்டு, ஈரத்தாளால் வாயைச் சுற்றியும் பின்புறத்திலும் தடிப்பு ஏற்பட்ட ஆறு சிறுவர் சிறுமியரைப் பற்றி அந்நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள். தாளை நிறுத்தியதும் அவர்களுக்குத் தடிப்பு நீங்கிற்று. உடலில் பூசிக் கழுவாமல் விடும் பொருள்களில் அதனைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017-ஆம் ஆண்டு தடை செய்தது. நிறுவனங்கள் பலவும் அதைக் கைவிட்டு வேறு பொருள்களுக்கு மாறின. ஆனால் ஈரத்தில் ஊறிக்கிடக்கும் தாளுக்கு ஏதோ ஒரு காப்புப்பொருள் என்றும் வேண்டியதாகவே இருக்கின்றது.

துணியின் சிறப்பு இங்கேதான் உள்ளது. அது உலர்ந்தே இருக்கின்றது. வேண்டும்போது மட்டும் நனைகின்றது. நனைந்தது அன்றே துவைக்கப்படுகின்றது. ஆதலால் அதற்குக் காப்புப்பொருளே தேவையில்லை.

சிக்கனத்தையும் கணக்கிடலாம். நாளொன்றுக்குப் பத்துத் தாள் என்று வைத்தாலும் மாதத்திற்கு 300; இரண்டாண்டில் 7,200. அத்தனையும் குப்பைக்கே போகின்றன. பல தாள்களில் பாலியெஸ்டர் போன்ற பிளாஸ்டிக் இழை கலந்திருக்கின்றது. அது மண்ணில் எளிதில் மக்காது. அவற்றைக் கழிப்பறையில் போட்டால் என்னவாகும் என்பதற்கு லண்டன் மாநகரம் சான்று. 2017-ஆம் ஆண்டில் அந்நகரின் வைட்சேப்பல் பகுதியில், கழிவுக் கொழுப்பும் இத்தகைய தாள்களும் இறுகிச் சுமார் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட கட்டியாகப் பாதாளச் சாக்கடையை அடைத்துக்கொண்டன. நம் வீட்டுக் கழிவுத் தொட்டிக்கும் குழாய்க்கும் அதே கதிதான். தாளைப் பயன்படுத்துவோர் குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும்.

துணியைத் தேர்தல்

பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணியே ஏற்றது. பழைய வேட்டி, பருத்திப் புடவை, மல் துணி ஆகியவை நன்று. நைலக்ஸ், பாலியெஸ்டர் கலந்த துணிகள் நீரை உறிஞ்சமாட்டா. ஐயமிருப்பின் ஒரு துளி நீரைத் துணிமேல் விட்டுப் பாருங்கள்; உடனே பரவினால் அது தகுதியானது; முத்துப் போல் உருண்டு நின்றால் தள்ளிவிடுங்கள். ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்தியும் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டிப்படும்.

புதுத் துணி வாங்கினால், அதிலுள்ள கஞ்சியும் சாயமும் நீங்க மூன்று நான்கு முறை துவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். சரிகைக் கரையும் முரட்டுக் கரையும் வேண்டாம்.

தைக்கும் முறை

நாலு முழ வேட்டி ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் நீளமும் 120 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். கரையையும் நைந்த ஓரங்களையும் நீக்கியபின் 160-க்கு 100 என்ற அளவு நல்ல துணி தேறும் எனக் கொள்வோம். அதனை 20 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் 40 துண்டுகள் கிடைக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்தால் 20 துடைப்புத் துணிகள் ஆகும்.

இரு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூன்று விரல் நுழையும் இடைவெளி விட்டுச் சுற்றிலும் தையுங்கள். அவ்விடைவெளி வழியே உட்புறத்தை வெளியே திருப்பி, வாயை மூடித் தைத்துவிடுங்கள். துவைக்கும்போது சுருளாதிருக்க நடுவில் குறுக்காக ஒரு தையல் போதும். ஓரம் தடித்தால் குழந்தையின் தோலை உரசும். ஆதலால் தையல் மெல்லியதாக இருக்கட்டும். தையல் இயந்திரம் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம்.

முகத்திற்கு உரிய துணியும் பின்புறத்திற்கு உரிய துணியும் ஒருபோதும் கலக்கக் கூடாது. முகத் துணிக்கு நீல நூலாலும் மற்றதற்குச் சிவப்பு நூலாலும் ஓரம் தைத்துவிட்டால், நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் எடுக்கும் கைக்கும் தவறு நேராது. நாளொன்றுக்கு இருபது துணிகள் வரை தேவைப்படும். மழைக்காலத்தில் உலரத் தாமதமாகும் என்பதால் நாற்பது இருப்பது நலம். இரண்டு வேட்டிகள் போதும்.

துடைக்கும் முறை

கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். சோப்பு வேண்டியதில்லை. ஆரோக்கியமான தோலின் மேற்புறம் சற்றே அமிலத்தன்மை உடையது. கிருமிகளுக்கு எதிரான காவலும் அதுவே. சாதாரண சோப்பு காரமானது. அடிக்கடி பட்டால் அக்காவலைக் குலைத்துவிடும். கிருமிநாசினித் திரவங்களும் வாசனைத் தைலங்களும் அவ்வாறே வேண்டாதவை. பிறந்த ஓரிரு நாள்களில் வெளியாகும் கரிய, பிசின் போன்ற மலத்திற்கு மட்டும், துணியில் சிறிது தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் எளிதில் வரும்.

பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னோக்கியே துடைக்க வேண்டும். மாற்றித் துடைத்தால் மலத்திலுள்ள கிருமி சிறுநீர்ப் பாதையை அடையக்கூடும். கண்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணி. மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக ஒரே இழுப்பு. துடைத்தபின் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

ஈரத்தோடு விட்டால் என்ன? சிறுநீரும் மலமும் கலக்கும்போது அம்மோனியா உண்டாகித் தோலின் அமிலத்தன்மை மாறுகின்றது. அப்போது மலத்திலுள்ள செரிமான நொதிகள் முனைந்து தோலையே அரிக்கின்றன. அரைப்புண் வருவது இதனால்தான். அதற்கு மாற்று, உடனே துடைப்பதும் சிறிது நேரம் காற்றாட விடுவதுமே. இரண்டு மூன்று நாளில் சிவப்பு தணியாவிட்டாலும், கொப்புளமோ காய்ச்சலோ கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

துணிகளை எண்ணெயும் சோப்பும் கலந்த நீரில் ஊறவைத்து டப்பாவில் அடைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அது வேண்டாம். காப்புப்பொருள் இல்லாத ஈரம் கிருமிக்குப் பண்ணை. வெளியூர் செல்லும்போது உலர்ந்த துணிகளையும் ஒரு குப்பி நீரையும் தனித்தனியே எடுத்துச் செல்லுங்கள். அழுக்குத் துணிக்கென மூடியுள்ள பை ஒன்று இருக்கட்டும்.

துவைக்கும் முறை

குழந்தையின் மலம் தீங்கற்றது என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. அது தவறு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் அதிலும் இருக்கும். ஆகவே கிணற்றடியிலோ குளக்கரையிலோ இத்துணிகளை அலசக் கூடாது. ஒட்டியிருப்பதைக் கழிப்பறையில் வழித்து விட்டு, முதலில் தண்ணீரில் அலசுங்கள். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் கறை படிந்துவிடும். பின்னர் சோப்பு இட்டு, வெந்நீரில் துவைத்து, நுரை முற்றும் போகும்வரை அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது துணியின் உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். வாரம் ஒருமுறையும், குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ பூஞ்சைப் புண்ணோ இருந்தால் நாள்தோறும், பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். துவைத்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ மறவாதீர்கள்.

பின்னர் நல்ல வெயிலில் உலர்த்துங்கள். நம் நாட்டு வெயிலுக்கு ஈடான வெளுப்பான் இல்லை. மஞ்சள் கறையும் மங்கும், கிருமியும் குறையும். மழைநாளில் இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்குங்கள். அரை ஈரத்தோடு மடிக்கக் கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இத்தனையும் உழைப்பே. அவ்வுழைப்பு முழுவதும் பிள்ளை பெற்று எழுந்த பெண்ணின் தலையில் விழுமாயின், அவள் கடைத் தாளை நாடுவதில் வியப்பில்லை. குழந்தையின் தந்தை துவைக்கலாம், பாட்டி மடிக்கலாம். வீட்டில் பலர் கைகொடுத்தால்தான் இம்முறை நிலைக்கும்.

அந்துருண்டை எச்சரிக்கை

செவிலியர் அப்பெட்டியில் முகர்ந்தது அந்துருண்டையின் மணம். பூச்சி அரிக்காதிருக்க நாம் துணிகளிடையே போடும் அவ்வெள்ளை உருண்டை, நாஃப்தலின் என்னும் பொருளால் ஆனது. சில குழந்தைகளுக்கு ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளிடம் இக்குறை மிகுதி. பார்வைக்கு எந்த அடையாளமும் இராது. அத்தகைய குழந்தையை நாஃப்தலின் ஏறிய துணியில் கிடத்தினாலோ போர்த்தினாலோ, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சட்காமாலை தோன்றக்கூடும். பச்சிளம் பருவத்தில் மஞ்சள் அளவு கடந்தால் மூளையையே தாக்கும். "எந்தக் குழந்தைக்கு இக்குறை இருக்கும் என்று நாம் அறியோம். ஆகவே எந்தக் குழந்தைக்கும் வேண்டாம்" என்றார் செவிலியர். உலர்ந்த வேப்பிலையை ஒரு சிறு பையில் கட்டிப் போட்டாலே போதும் என்றும் சொன்னார்.

என் தாயாரின் முகம் வாடிற்று. அவ்வேட்டிகளை மீண்டும் மடித்துப் பெட்டியிலேயே வைத்தார்கள். பின்னர் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த என் கணவரின் பழைய வேட்டிகள் இரண்டை எடுத்துவந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தைக்க அமர்ந்தார்கள். பேரனுக்கு இப்போது எட்டு மாதம். வெளியூர்ப் பயணத்திற்கு மகள் கடைத் தாளை எடுத்துச் செல்கிறாள், வீட்டிலோ துணிதான். மாலையில் கொடியிலிருந்து அவற்றை எடுத்து மடிப்பது மருமகனின் வேலை. நாற்பதில் இரண்டு காணாமற் போயின. முப்பத்தெட்டு இன்றும் வெயிலில் காய்கின்றன.