புதுப்பித்த மண்டபத்தில் பாட்டு ஏன் புரியவில்லை?

(சிவில் மூன்றாமாண்டு மாணவன் ஒருவனின் கட்டுரை)

காசு கொடுத்துக் கச்சேரி கேட்கப் போகிறவனுக்கு என்ன வேண்டும்? பாட்டு தெளிவாகக் காதில் விழ வேண்டும். மேடை கண்ணுக்குத் தெரிய வேண்டும். முடிந்ததும் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும். இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் ஒரு மண்டபத்தைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது பெயிண்ட், டைல்ஸ், கண்ணாடிக் கதவு, ஏ.சி. காதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நம் மதுரைக்காரர்களுக்குத் திறந்த வெளியில் பாட்டு கேட்டுத்தான் பழக்கம். சித்திரைப் பொருட்காட்சி என்றால் தமுக்கம் மைதானம். சுற்றுப்பட்டு கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் ஊர் மந்தையில் மேடை போட்டு இன்னிசைக் கச்சேரி. மைதானத்தில் ஸ்பீக்கரில் இருந்து கிளம்பும் சத்தம் பெரும்பாலும் வானத்தோடு போய்விடும். திரும்பி வந்து தொல்லை செய்யாது. அதே தமுக்கத்தில் 2022-ல் மாநகராட்சியின் பெரிய மாநாட்டு மண்டபம் திறக்கப்பட்டது. கச்சேரிகள் மெல்ல மெல்லக் கூரைக்குள் வரும் காலம் இது. அதனால் கூரைக்குள் சத்தம் எப்படி நடந்துகொள்கிறது என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்டதும் பார்த்ததும்

நம்ம பக்கத்தில் ஒரு பழைய மண்டபம். பெயர் வேண்டாம். பல மாதம் பூட்டி வைத்து, புதுப்பித்துத் திறந்தார்கள். அங்கே ஒரு ராக் இசைக் குழு வாசித்தது. டிரம்ஸ், பேஸ் கிட்டார், இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார், கீபோர்டு, பாட ஒரு பையன். நண்பர்கள் ஆறு பேர் டிக்கெட் எடுத்துப் போனோம்.

உள்ளே நுழைந்ததும் அசந்து போனோம். பளபளவென்று தரை, குளுகுளு ஏ.சி., ஜிப்சம் கூரையில் கலர் விளக்கு. முதல் பாட்டு ஆரம்பித்தது. 'தொம்' என்று ஒரு அடி. அது அடங்குவதற்குள் அடுத்த அடி. பாடுகிற பையன் தமிழில் பாடுகிறானா, இங்கிலீஷில் பாடுகிறானா என்றே தெரியவில்லை. பாட்டு புரியலைன்னு மிக்ஸரில் இருந்தவர் சத்தத்தைக் கூட்டினார், இன்னும் குழம்பியது. முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்தினார்கள், பின்வரிசைக்காரர்கள் "கேக்கல, கேக்கல" என்று கத்தினார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவர், "தம்பி, பழைய மண்டபத்துல ஃபேன் சத்தம் இருந்துச்சு, ஆனா பாட்டு புரிஞ்சுச்சு" என்றார். அவர் சொன்னதில் விஞ்ஞானமே இருக்கிறது.

எதிர்முழக்கம் என்றால் என்ன?

சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். ஒரு தடவை தனியாகத் திரும்பிக் கேட்டால் அது எதிரொலி. பல தடவை பட்டுப் பட்டுத் திரும்பி, ஒன்றோடு ஒன்று கலந்து நீடித்தால் அது எதிர்முழக்கம். திருமலை நாயக்கர் மகாலின் உள்ளே, குவிமாடத்துக்குக் கீழே கைதட்டிப் பாருங்கள், புரியும். சத்தம் 60 டெசிபல் குறைவதற்கு ஆகும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்கிறோம்.

இதைக் கணக்காக்கியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-ல் அங்கே ஒரு விரிவுரை அறையில் பேச்சே புரியாமல் போக, அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து பரப்பி, மெத்தை கூடக் கூட முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அதில் பிறந்ததுதான் நாம் படிக்கும் சூத்திரம்:

எதிர்முழக்க நேரம் = 0.161 × கன அளவு ÷ மொத்த ஒலி உட்கவர்தல்

உட்கவர்தலுக்கு அவர் வைத்த அளவுகோல் என்ன தெரியுமா? திறந்த ஜன்னல்! ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் வழியே போன சத்தம் திரும்புவதில்லை. எனவே அதன் மதிப்பு முழுசாக ஒன்று. டைல்ஸ், கண்ணாடி, பூச்சுச் சுவர் இவற்றுக்கு 0.03 பக்கம்தான். ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் சுமார் 0.4 சதுர மீட்டர் ஜன்னலுக்குச் சமம்.

ஒரு சின்னக் கணக்கு

நீளம் 30 மீட்டர், அகலம் 18, உயரம் 7 என்று ஒரு மண்டபம். கன அளவு 3780 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்துப் பரப்பு 1752 சதுர மீட்டர்.

1. எல்லாம் கெட்டியான பரப்பு, உள்ளே 500 பேர்: உட்கவர்தல் சுமார் 253. நேரம் 2.4 விநாடி.

2. அதோடு 60 சதுர மீட்டர் ஜன்னல் திறந்திருந்தால்: சுமார் 2 விநாடி.

3. ஜன்னலை மூடிவிட்டு, கூரை முழுக்க நல்ல ஒலி உட்கவரும் பலகை (மதிப்பு 0.6) போட்டால்: சுமார் 1.1 விநாடி.

பெரியவர் சொன்னது இப்போது விளங்குகிறதா? பழைய மண்டபத்தின் ஜன்னல்கள்தான் பாட்டைக் காப்பாற்றியிருக்கின்றன. ஏ.சி.க்காக அவற்றைக் கண்ணாடி போட்டு அடைத்தார்கள். அடைத்ததற்கு ஈடாகக் கூரையில் எதுவும் செய்யவில்லை.

2.4 விநாடி தப்பா என்றால், எல்லா இசைக்கும் தப்பில்லை. மேற்கத்திய சிம்பொனிக்கு 2 விநாடி அளவு நல்லது. வயலின்கள் குழைந்து கேட்கும். ராக் இசை அப்படியில்லை. டென்மார்க்கில் 20 அரங்குகளை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வின்படி, 1000 முதல் 6000 கன மீட்டர் வரையுள்ள அரங்குகளில் ராக், பாப் இசைக்கு அளவைப் பொறுத்து 0.6 முதல் 1.2 விநாடி வரைதான் ஏற்றது. மோசமென்று இசைக்கலைஞர்கள் சொன்ன அரங்குகளில் 63, 125 ஹெர்ட்ஸ் ஆகிய தாழ்ந்த அதிர்வெண்களில் முழக்கம் மிக நீளம். பேஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும் முழங்குவது அந்த இடத்தில்தான். மெல்லிய திரையும் சுவரில் ஒட்டிய ஸ்பாஞ்சும் மேல் ஸ்தாயியைத்தான் உறிஞ்சும், பேஸை விட்டுவிடும். அதைப் பிடிக்கத் தடித்த பஞ்சும் அதன் பின்னே காற்று இடைவெளியும் வேண்டும்.

லண்டனில் இரண்டு அரங்குகள்

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் 1871-ல் திறந்த நாளிலிருந்தே எதிரொலிக்குப் பேர் போனது. 1969-ல்தான் குவிமாடத்தின் கீழே பெரிய ஃபைபர்கிளாஸ் 'காளான்களை'த் தொங்கவிட்டு அதை அடக்கினார்கள்.

இன்னொன்று ஹாமர்ஸ்மித் அப்பல்லோ. 1932-ல் சினிமா அரங்காகத் திறந்தது. பின்னாளில் ராக் ரசிகர்களின் கோயில் போல ஆனது. பேசும் படத்துக்குக் கட்டிய இடம். வசனம் புரிய வேண்டுமே! 2013-ல் பெரிய செலவில் புதுப்பித்தபோது பழைய அலங்காரத்தை மீட்டெடுத்தார்கள். அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தம் சிம்பொனியை 2025 மார்ச் 8-ல் அரங்கேற்றியது இங்கேதான். நம்ம ஊர்க்காரர் வாசல் மிதித்த இடம் என்பதால் நமக்கும் அதில் ஒரு உரிமை!

உயிர் விஷயம்

முழக்கத்தைக் குறைக்கிறோம் என்று மலிவான ஸ்பாஞ்சை ஒட்டுவது பேராபத்து. 2003 பிப்ரவரி 20-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், ராக் குழு வாசித்த ஒரு கிளப்பில் மேடை வாணவேடிக்கைப் பொறி சுவரில் ஒட்டிய ஃபோமில் பற்றியது. 100 பேர் மாண்டனர். பலர் தாங்கள் வந்த வாசலுக்கே ஓடி நெரிந்தனர். ஸ்ரீரங்கத்தில் 2004-ல் கல்யாண மண்டபத்தில் பிடித்த தீயை நம் பெற்றோர் மறக்கவில்லை.

கூட்டத்தை எண்ணாமல் டிக்கெட் விற்றாலும் அவதிதான். 2023 செப்டம்பர் 10-ல் சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரியில் டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளேயே போக முடியவில்லை. அவர் வருத்தம் தெரிவித்து, பணம் திருப்பித் தரப்பட ஏற்பாடானது. அது திறந்த மைதானம். மூடிய மண்டபமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

காதுக்கும் கணக்கு உண்டு. இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறுத்தது. முழக்கமான மண்டபத்தில் சத்தத்தைக் கூட்டுவது புரிதலைக் கூட்டாது, காதைத்தான் கெடுக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

விழாவுக்கு மண்டபம் பிடிக்கப் போகும் நண்பர்களே, வாடகையும் பார்க்கிங்கும் விசாரிப்பதோடு நிற்காதீர்கள்.

1. நடுவில் நின்று ஒரே ஒரு தடவை ஓங்கிக் கைதட்டுங்கள். காலி மண்டபத்தில் கொஞ்சம் முழங்கத்தான் செய்யும். ரொம்ப நேரம் நீண்டால் யோசியுங்கள்.

2. கூரையிலும் பின்சுவரிலும் என்ன போட்டிருக்கிறார்கள், அது தீப்பிடிக்குமா என்று கேளுங்கள். 30 மீட்டர் தள்ளியிருக்கும் பின்சுவரில் பட்ட சத்தம் மேடைக்குத் திரும்ப 0.17 விநாடி ஆகும். டிரம்ஸ்காரர் தாளம் தப்ப அது போதும்.

3. கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பாருங்கள். முன்னால் ஒருவர் எழுந்து நின்றால் மறைகிறதா?

4. எத்தனை வாசல்? விழா நேரத்தில் அவை பூட்டாமல் இருக்குமா? சாவி யாரிடம்?

நம்மில் பலர் நாளைக்கு இதே ஊரில் மேற்பார்வையாளராகவும் காண்டிராக்டராகவும் நிற்கப் போகிறோம். "டைல்ஸ் எந்தக் கம்பெனி?" என்று கேட்கும் முதலாளியிடம், "எதிர்முழக்க நேரம் எவ்வளவு வரணும் சார்?" என்று திருப்பிக் கேட்கும் ஒரு ஆள் இருந்தால் போதும். சூத்திரம் ஒரே வரி. கூட்டல், பெருக்கல், வகுத்தல்தான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை மண்டபத்துக்குள் கொண்டு போவோம்!